டி வரிசை, ஆறாம் நம்பர்

செய்தவள் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் கேட்கிறவர்கள் என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டே பாதி தூரம் வந்துவிடுவார்கள். எனக்கு அந்தப் பேர் வேண்டாம்.

எங்கள் பாசறையில் சிப்பாய்க் குடும்பங்களுக்கு ஐந்து வரிசை வீடு. டி வரிசையில் எட்டு. கல் சுவர், தகரக் கூரை, முன்னால் ஒரு அறை, பின்னால் ஒரு அறை, எட்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு குழாய். ஐந்தாம் நம்பரில் நாங்கள் ஆறு பேரும் என் பின்னல் மெஷினும். என் பெண் பேர் கலுகி, அதனால் வரிசைக்கு நான் கலுகி அம்மா. என் வீட்டுக்காரர் பட்டாளச் சமையற்கட்டில் கார்ப்பரல். நான் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் பின்னி விற்கிறேன். மலைக்காற்று வருஷத்தில் பத்து மாதம் எலும்பைத் தடவிப் பார்க்கும் ஊர் என்பதால் அந்தத் தொழிலுக்குக் குறைச்சல் இல்லை.

ஆறாம் நம்பர் அலுவோச்சின் வீடு. சரியாகச் சொன்னால் அவள் புருஷன் கார்ப்பரல் ஒபூராவின் வீடு. இங்கே வீடு சிப்பாயின் பேரில்தான். அவன் பேர் படையில் இருக்கிற வரைக்கும் பெண்டாட்டி பிள்ளை இருக்கலாம். பேரை அடித்துவிட்டால் தவணை கிடையாது. அன்றைக்கே கட்டில், ஜன்னல் கண்ணாடி, சாவி எல்லாவற்றையும் எண்ணி ஒப்படைத்துவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

ஒபூராவை எட்டு மாதமாகக் காணவில்லை. சோமாலியாவுக்குள் இருந்த ஒரு சின்ன முகாமை விடிகாலையில் தாக்கினார்கள். உடல்கள் விமானத்தில் வந்தன. அவன் உடல் வரவில்லை. அலுவலகத்தில் அவன் பேருக்கு எதிரே 'காணவில்லை' என்று எழுதினார்கள். அந்த ஒற்றைச் சொல்லுக்குள்தான் அலுவோச்சும் மூன்று பிள்ளைகளும் எட்டு மாதமாகக் குடியிருந்தார்கள். நடுவில் பிறந்தவன் ஒகேச். ஏழு வயது. அவனுக்கு இரத்தத்தில் பிறவி நோய். நினைத்துக்கொண்டால் கை கால் மூட்டெல்லாம் பூட்டிக்கொண்டு, நெஞ்சு அடைத்து, அலறுவான். பந்து மைதானத்துக்குப் பின்னால் பாசறை ஆஸ்பத்திரி. தூக்கிக்கொண்டு ஓடினால் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தில்தான் அவன் ஏழு வயது வரைக்கும் வந்து சேர்ந்திருந்தான்.

எனக்கு ஒரு தம்பி, முதிண்டா. அவனும் சிப்பாய்தான். வீட்டுக்காகக் காத்திருக்கிறவர்கள் பட்டியலில் முதல் பேர் அவனுடையது. கீழே டவுனில், மழை பெய்தால் கட்டிலை நகர்த்துகிற ஒரு வாடகை அறையில் அவனும் அவன் பெண்டாட்டி கதீனியும் இருந்தார்கள். அவளுக்கு ஏழு மாதம். வருகிற மாதம் இருபதாம் தேதி முதிண்டா ஒபூரா போன அதே சோமாலியா எல்லைக்குப் போகிறான். அவளைத் தனியாக அந்த அறையில் விட்டுவிட்டா? எனக்குத் தூக்கம் வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஆறாம் நம்பரில் அலுவோச் பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம், 'இது கதீனியாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்' என்று நினைப்பேன். நினைத்தேன், ஆமாம். எட்டு மாதமாக நினைத்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் அலுவோச் மறுநாள் மண்டாசிப் பலகாரத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். காலையில் அதைச் சுட்டு வாசல் காவலுக்கு அருகில் விற்பாள். நான் அவள் முன்னறையில் ஸ்வெட்டர் கைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன். ரேடியோவில் அவள் பாஷைக்காரர்களின் நிலையம் பாடிக்கொண்டிருந்தது. பாட்டு நின்று சாவு அறிவிப்பு ஆரம்பித்தது. லுவோக்காரர்களுக்கு அது தினப்படி. செத்தவர் பேர், அப்பன் பேர், அண்ணன் தம்பி, மருமகப்பிள்ளை, யார் யார் எந்த ஊரில் என்று ஒருவர் விடாமல் சொல்லி, அடக்கம் எந்தக் கிழமை என்று முடிப்பார்கள். நாங்கள் காம்பாக்காரர்கள், எனக்கு அந்தப் பாஷை தெரியாது. 'கார்ப்பரல் ஒபூரா' மட்டும் காதில் விழுந்தது. அலுவோச்சின் கை மாவுக்குள் அப்படியே நின்றுவிட்டது.

"என்னடி? என்ன சொல்றான்?"

அவள் மாவுக் கையோடு எழுந்துபோய் ரேடியோவை அணைத்தாள்.

"என் புருசன் செத்துட்டாராம். சனிக்கிழம அடக்கமாம். எம் பேரும் சொல்றான், 'பாசறையில் வசிக்கும் மனைவி'ன்னு."

"பொணமே இல்லாம எதப் பொதைப்பாங்க?"

"யாகோ காய. மரத்துல கட்ட கட்டயாத் தொங்கும்ல, அது. ஒடம்பு கெடைக்காதவனுக்கு அந்தக் காயத் துணியில சுத்திக் குழில வைப்பாங்க. எங்க பக்கத்து வழக்கம். என் பெரியத்தான் ஒகாடா வேலதான் இது. மூணு வாரமா போன் பண்றாரு, நான் ஒத்துக்கல. எனக்குச் சொல்லாமலே ஊருக்குச் சொல்லிட்டாரு." மாவு ஒட்டிய கையாலேயே என் மணிக்கட்டைப் பிடித்தாள். "கலுகி அம்மா, ஆபீசுக்கு இது தெரிஞ்சா வீடு போச்சு. குடும்பமே செத்தான்னு சொல்லியாச்சு, இனி என்ன காணவில்லைம்பான். ஒங்கிட்ட மட்டும் சொல்றேன்."

"நான் யார்கிட்டடி சொல்லப் போறேன்," என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் முதிண்டாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "குடும்பமே ஒத்துக்கிட்டாங்க தம்பி. காலைல ஆபீசுல ஒரு வார்த்த போட்டு வை," என்றேன். அடுப்பில் சுகுமா கீரை தீய்ந்துகொண்டிருந்தது. அதை இறக்கி வைத்தேன்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ஆறாம் நம்பர் கதவில் காகிதம் ஒட்டிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கேப்டன் வந்து விசாரிப்பார், வீட்டுச் சாமான் எண்ணப்படும், குடும்பத்தார் ஆஜராக வேண்டும். வரிசைப் பெண்கள் எல்லோரும் குழாயடியில் கூடிவிட்டார்கள். நடுவில் ஜெரோடிச். சார்ஜண்ட் பெண்டாட்டி, எங்கள் மனைவிமார் சங்கத்துக்குத் தலைவி. பசு வளர்ப்பவள், பாலில் தண்ணீர் ஊற்றாதவள், அதனால் பேச்சிலும் ஊற்றமாட்டாள்.

"லுவோ பாஷையில சாயங்காலம் ரேடியோல சொன்னது, விடியறதுக்குள்ள காம்பாக்காரன் காதுல எப்படி விழுந்துச்சு? ஆபீசுல போய்ச் சொன்னவன் யாருன்னு என் வீட்டுக்காரர் கேட்டுட்டு வந்துட்டாரு. முதிண்டாவாம்." என்னைப் பார்த்தாள். "ஒந்தம்பிக்கு எப்பலேர்ந்து லுவோ பாஷ தெரியும், கலுகி அம்மா?"

வாளி நிறைந்து வழிந்தது. நான் குழாயை மூடினேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அலுவோச் மட்டும் பார்க்கவில்லை. அவள் காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கும் புள்ளத்தாச்சி ஒருத்தி இருக்கா," என்றேன். வேறென்ன சொல்ல?

"இருக்கட்டும். அவளுக்கு வீடு வேணும்னா ஆபீஸ்ல சண்ட போடு, நாங்களும் வர்றோம். பக்கத்து வீட்டுக்காரி வாயப் புடுங்கி வித்திருக்கியே, அதுக்கு என்ன பேரு?"

சாயங்காலம் ஒகாடா வந்தார். ஒபூராவின் அண்ணன். மேற்கே ஏரிக்கரையிலிருந்து நாள் முழுக்க மட்டாட்டு வேனில் இடிபட்டு வந்த ஆள். நெட்டையானவர், மீன் வலை இழுத்துக் கை காய்த்தவர், அடக்கத்துக்கென்று கறுப்புக் கோட்டு போட்டிருந்தார். அலுவோச்சையும் பிள்ளைகளையும் மறுநாளே கூட்டிப்போக வந்திருந்தார். பெண்டாட்டி இல்லாமல் புருஷனைப் புதைக்க முடியாதில்லையா. அலுவோச் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே அவருக்கு மக்காச்சோள மாவில் உகாலிக் களி கிண்டி, பொடிமீன் குழம்பு வைத்துக் கொடுத்தாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைக் கல் சுவர்தான். பேச்சு முழுக்க எனக்குக் கேட்டது. கேட்கட்டும் என்றே சுவாஹிலியில் பேசினாளோ என்னவோ.

"அபோண்டி அம்மா, கோவப்படாத," என்றார் ஒகாடா. "மொம்பாசாவுலேர்ந்து சொந்தக்காரங்க பஸ்ஸு ஏறிட்டாங்க. மாடு வாங்கியாச்சு. பந்தல் போட்டாச்சு. தம்பிக்கு ஊர்ல வீடு இல்லாம அடக்கம் பண்ணக் கூடாதுன்னு நாலு கம்பு நட்டு, தகரம் போட்டு, மண்ணு பூசிக்கிட்டு இருக்காங்க."

"பன்னெண்டு வருசமா நான் லீவுக்கு வந்து மாமியா அடுப்படியிலதான் படுத்தேன். அப்பக் கட்டல. இப்ப ஒரு காய்க்கு ரெண்டு நாள்ல வீடு கட்டுறீங்க."

"அது முறை."

"முறைதான். நானும் அந்த ஊர்க்காரிதான். பொதச்சப்புறம் அவரு உசுரோட வந்து நின்னா, எந்த வாசல் வழியா உள்ள விடுவீங்க? பொதச்ச ஆள ஆவின்னுதானே சொல்வீங்க?"

ஒகாடாவின் குரல் இறங்கிவிட்டது.

"அம்மா எட்டு மாசமாக் கதவுக்குத் தாப்பா போடல தாயி. மழ உள்ள வருது, நாய் உள்ள வருது. 'எனக்குக் காது மந்தம், எம்புள்ள வந்து தட்டுனாக் கேக்காது'ங்கறா. உக்காந்தே தூங்குறா. கால் ரெண்டும் வீங்கிப் போச்சு. தம்பி போயிட்டான், சரி. அவளும் போயிருவா. ஒரு காயப் பொதச்சா அவ ஒரு ராத்திரியாவது காலை நீட்டிப் படுப்பா. எனக்கு வேற வழி தெரியல."

"எனக்கு மட்டும் தெரியுதா? எனக்கு இந்த வீடு வேணும். ஒகேச்சுக்கு அந்த ஆஸ்பத்திரி வேணும். அங்க வந்தா எத்தன மணி நேரம் ஆஸ்பத்திரிக்கு?"

"மோட்டார் சைக்கிள் கெடைச்சா ரெண்டு மணி."

"கெடைச்சா."

எனக்கு ஸ்வெட்டர் ஓடவில்லை. கண்ணி விட்டுக்கொண்டே போனது. கதவை மூடாத ஒரு தாய், வீட்டை விடாத ஒரு பெண்டாட்டி, நடுவில் இந்த மனுஷன். இத்தனைக்கும் இடையில் புகுந்து காரியம் பார்த்தவள் நான். வெட்கமாக இருந்தது. ஆனாலும் கதீனியின் வயிறு கண் முன்னால் நின்றது. இரண்டும் பொய்யில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி. மூட்டை கட்டச் சொல்லி ஒகாடா வாசலில் நின்று நச்சரித்துக்கொண்டிருந்தார். அலுவோச் கட்டமாட்டேன் என்று மண்டாசி சுட்டுக்கொண்டிருந்தாள். அப்போதுதான் ஒகேச் அலறினான். முந்தின ராத்திரி வீட்டில் நடந்த சண்டைதான் காரணமோ, விடிகாலைக் குளிர்தானோ, யார் கண்டது. தரையில் சுருண்டு, முழங்காலை நெஞ்சோடு சேர்த்து, மூச்சு இழுத்து இழுத்து வாங்கினான். உதடு சாம்பல் நிறமாகிவிட்டது.

ஒகாடா கோட்டும் கையுமாக, "என்ன ஆச்சு? என்ன ஆச்சு?" என்று சுற்றிச் சுற்றி வந்தார்.

எங்கள் வரிசைக்கு யாரும் எதுவும் சொல்லத் தேவையில்லை. இரண்டாம் நம்பர்க்காரி வந்து எண்ணெய்ச் சட்டியை இறக்கிக் கைக்குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். எட்டாம் நம்பர்க்காரி மூத்தவள் அபோண்டிக்குச் சட்டை மாட்டி, தன் பிள்ளைகளோடு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். ஜெரோடிச் பால் கேனை அப்படியே வைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கு முன்னால் சொல்ல ஓடினாள். நான் கம்பளி எடுத்துக்கொண்டு ஒகேச்சைச் சுற்றினேன். அலுவோச் தூக்கப் போனாள், அவளால் முடியவில்லை.

"நீங்க தூக்குங்க! நெட்டையா நிக்கிறீங்களே, எதுக்கு?" என்று ஒகாடாவைப் பார்த்துக் கத்தினேன்.

அவர் தூக்கினார். மைதானத்துக்குக் குறுக்கே ஓடினோம். பனிப்புல்லில் அவர் செருப்பு ஒன்று கழன்று போய்விட்டது, அவர் நிற்கவில்லை. பையன் அவர் கோட்டின் மேலேயே வாந்தியெடுத்தான். நாங்கள் போய்ச் சேரும்போது ஜெரோடிச் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள், உள்ளே ஆக்ஸிஜன் உருளை தயாராக இருந்தது. ஒகேச்சின் அட்டையைத் தேட வேண்டிய அவசியமே அங்கிருந்த நர்ஸுக்கு இல்லை. அவன் முகம் அவளுக்கு மனப்பாடம்.

ஊசி ஏறி, அலறல் முனகலாக இறங்க ஒரு மணி நேரம் ஆனது. டாக்டர் வெளியே வந்து, "இன்னும் அரைமணி தாமதிச்சிருந்தா கஷ்டம்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஒகாடா சுவரோரம் ஒற்றைச் செருப்போடு உட்கார்ந்துவிட்டார்.

அலுவோச் பையனின் ஒரு காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் இன்னொரு காலைத் தேய்த்தேன். என்னால் தாங்க முடியவில்லை.

"அலுவோச், நான்தான்டி. நான்தான் தம்பிகிட்டச் சொன்னேன்."

"தெரியும். முழங்காலுக்குக் கீழ தேய், அங்கதான் அவனுக்கு வலி."

"என்னத் திட்டவாவது திட்டு."

"திட்டுவேன். வருசக்கணக்காத் திட்டுவேன். இப்ப நேரமில்ல."

பத்து மணிக்குக் கேப்டன் வந்துவிட்டார். சின்ன வயசுக்காரர், பேர் லெமாயன். கூடவே பட்டியல் வைத்திருந்த ஒரு கிளார்க். ஒகேச்சைப் பார்த்துக்கொள்ள எட்டாம் நம்பர்க்காரியை அங்கே நிறுத்திவிட்டு நாங்கள் திரும்பியிருந்தோம். ஆறாம் நம்பர் வாசலில் வரிசையே நின்றது. கிளார்க் உள்ளே போய்க் கட்டிலை எண்ண ஆரம்பித்தான்.

"நிறுத்துப்பா," என்றாள் ஜெரோடிச். "மொதல்ல பேச்சு, அப்புறம் கட்டிலு."

கேப்டன் ஒகாடாவைப் பார்த்தார். கோட்டு முழுக்க வாந்தி, காலில் ஒரு செருப்பு.

"ரேடியோவுல அறிவிப்புக் குடுத்தது நீங்களா?"

"நாந்தாங்க ஐயா."

"நீங்கதான் குடும்பத்துக்குப் பெரியவரு. ஒங்க தம்பி எறந்துட்டாருன்னு நீங்க சொன்னா நாங்க எழுதிக்குவோம். அப்ப இந்த வீடு அடுத்தவருக்கு. இல்லன்னு சொன்னா 'காணவில்லை' அப்படியே நிக்கும், வீடும் நிக்கும். ரெண்டும் இல்லாம நடுவுல ஒண்ணு எங்கிட்ட இல்ல. சொல்லுங்க, நாளைக்கு அடக்கமா?"

அலுவோச் கெஞ்சவில்லை. கையை முந்தானைபோல் கட்டியிருந்த கங்கா துணிக்குள் மடக்கி வைத்துக்கொண்டு பெரியத்தானையே பார்த்தாள். அவள் தாடை மட்டும் அசைந்தது. ஒகாடா யோசித்தார். அந்த மனுஷன் முகத்தில் மாடும் பந்தலும் மொம்பாசா பஸ்ஸும் தாப்பாள் போடாத கதவும் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதை நான் பார்த்தேன். எந்தப் பதில் வர வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன் என்று கேட்டால் சத்தியமாகத் தெரியாது.

"அடக்கம் இல்லீங்க," என்றார் ஒகாடா.

"சத்தமாச் சொல்லுங்க."

"என் தம்பி வேலைக்குப் போயிருக்கான். இன்னும் திரும்பல. அவன் செத்தத நான் பாக்கல, நீங்களும் பாக்கல. நான் தப்பாச் சொல்லிட்டேன். ரேடியோவுல மாத்திச் சொல்றேன். எம் பேரப் போட்டே சொல்றேன். ஊரு சிரிச்சாச் சிரிக்கட்டும்."

"எழுதிக் கையெழுத்துப் போடணும்."

ஜன்னல் விளிம்பில் காகிதத்தை வைத்து அவர் எழுதினார். வலை இழுத்த கை, எழுத்து கோணல்மாணலாக வந்தது. அலுவோச் அப்போதுதான் அழுதாள். எட்டு மாதத்தில் அவள் அழுது நாங்கள் பார்த்தது அன்றுதான். "அத்தயோட கதவு?" என்று மட்டும் கேட்டாள்.

"அம்மாவ இங்கக் கூட்டிட்டு வர்றேன்," என்றார் ஒகாடா. "தாப்பா போடாமக் காத்திருக்கறத ரெண்டு பேரும் ஒண்ணா இங்க இருந்து காத்திருங்க. கால் வீக்கத்தையும் அந்த டாக்டரே பாக்கட்டும்." பிறகு எல்லோரையும் பார்த்து, "மாட்ட என்ன பண்றது? பந்தல்காரன் காசத் திருப்பித் தரமாட்டானே," என்றார் பாவமாக.

"மாட்டக் கட்டித் தீனி போடுங்க," என்றாள் ஜெரோடிச். "ஒபூரா வந்த அன்னைக்கு வெட்டுங்க, நாங்க எட்டு வீடும் வர்றோம்."

சிலர் சிரித்தார்கள். கிளார்க் கட்டிலை எண்ணியது போதும் என்று வெளியே வந்து, பட்டியலை மடித்தபடி என்னைப் பார்த்தான். "முதிண்டா குடும்பத்த வாசல்ல உக்காத்தி வெச்சிருக்காங்க. யாரு போய்ச் சொல்றது?"

எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் போனேன்.

காவல் வாசலுக்கு வெளியே, கல் மேல் கதீனி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இரண்டு மூட்டை, ஒரு அடுப்பு, ஒரு பிளாஸ்டிக் தொட்டி. பத்து மணிக்குச் சாவி கிடைக்கும் என்று முதிண்டா சொல்லி அனுப்பியிருக்கிறான். வெயில் ஏறியிருந்தது, அவள் பாதம் இரண்டும் உப்பியிருந்தன. என்னைப் பார்த்ததும் எழுந்துகொள்ளப் பார்த்தாள்.

"குடுத்துட்டாங்களா மதினி?"

"இல்லடி." அவள் முன்னால் குத்தவைத்தேன். "வீடு அவளுக்கேதான். நான் ஒனக்காக ஒரு அசிங்கத்தப் பண்ணினேன், அதுவும் பலிக்கல. நீ என் வீட்டுக்கு வா. மெஷின அலுவோச் வீட்ல தூக்கிப் போட்டுர்றேன், அந்த எடத்துல நீ படுத்துக்க. அவ போடாதன்னு சொல்லமாட்டா. திட்டுவா, ஆனாச் சொல்லமாட்டா."

கதீனி அழுவாள் என்று நினைத்தேன். மூட்டையைத் தூக்கி என் தலையில் எறிந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பாசறைக்குள் தெரிந்த கூரைகளைப் பார்த்தாள்.

"அந்தக்கா புருசனக் காணாமப் போயி எத்தன மாசம்?"

"எட்டு."

"எட்டு மாசம். அதுக்கப்புறமும் வீட்ட எடுக்கலியா?"

"எடுக்க வந்தாங்க. எடுக்கல. வரிசையே வாசல்ல நின்னுச்சு."

அவள் வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். ஒரு மாதமாக அவளும் முதிண்டாவும் தினம் சண்டை. 'எல்லைக்குப் போகாதே, போனால் நான் எங்கே போவேன்' என்று அவள் அழாத நாள் இல்லை.

"அவருக்குப் போன் போட்டுச் சொல்லுங்க மதினி," என்றாள். "போயிட்டு வரட்டும், நான் இங்க இருக்கேன்னு சொல்லுங்க."

கையை நீட்டினாள். நான் பிடித்துத் தூக்கிவிட்டேன்.